டீச்சரிடம் கேளுங்கள்: இழுக்கும்போது இடிக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இந்த மாதத் தபாலில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றி இருந்தன. திரையில் ஒரு பொருளை விரலாலோ மவுஸாலோ இழுக்கிறோம். அது இன்னொன்றின்மேல் ஏறுகிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். பார்த்துச் சொல்வதற்குள் இழுக்கிற கை எங்கேயோ போய்விடுகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு இதையே பேசுகிறேன். நிரல் வரிகளை இந்தப் பக்கத்தில் அச்சிடுவதில்லை. நாகர்கோவில் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல வாயால் சொல்லித்தருகிறேன். அங்கேயும் செய்யப்போவதை முதலில் நோட்டில் தமிழில் எழுதிக்காட்டிய பிறகுதான் கீபோர்டைத் தொடவிடுவேன்.

கேள்வி: கருங்கல்லில் பந்தல், மேசை, நாற்காலி வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். மண்டபத்தில் மேசை எப்படிப் போடலாம் என்று கல்யாண வீட்டாருக்கு போனிலேயே காட்ட, டிப்ளமா படிக்கிற என் மகன் ஒரு பக்கம் எழுதித் தந்தான். வட்ட மேசையை விரலால் இழுத்து வைக்கலாம், ஒன்றோடொன்று இடித்தால் சிவப்பாகும். அவனுக்க லேப்டாப்பில் நல்லா ஓடுது. கடை போனில் மேசை விரலுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி வருது. பெண் வீட்டுக்காரர் முன்னால் காட்ட வெட்கமா இருக்கு டீச்சர். நல்ல போன் ஒண்ணு வாங்கினால் சரியாகுமா?
(பந்தல் கடைக்காரர், கருங்கல்)

பதில்: போன் வாங்காதீர்கள் அண்ணாச்சி. அந்தப் பணத்துக்கு நாலு மேசை வாங்கிப் போடுங்கள்.

போன வாரம் மார்த்தாண்டத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, கருங்கல் வழியாகப் போகிற பேருந்தில் ஏறி உங்கள் கடையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் மேசை எண் 37-ஐ மேடைப் பக்கமிருந்து தூண் வரைக்கும் இழுத்துக் காட்டினீர்கள். பெருவிரல் தூணுக்கு வந்து நின்ற பிறகும் மேசை பாதி வழியில்தான் இருந்தது. கயிறு கட்டி இழுத்ததுபோல விட்டுவிட்டு வந்து, விரலை எடுத்த பிறகு சிவப்பானது. இது போனின் சோம்பல் இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் உங்கள் பையன் அதற்குக் கொடுத்திருக்கிற வேலை அத்தனை.

உங்கள் பெரிய மண்டப வரைபடத்தில் மேசை, தூண், மேடை எல்லாம் சேர்த்து 150 பொருள்கள் இருக்கின்றன. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் பாயின்டர்மூவ் என்ற ஈவன்ட், அதாவது பிரவுசர் ஸ்கிரிப்டுக்கு அனுப்புகிற அறிவிப்பு, வருகிறது. அது வரும்போதெல்லாம் தம்பி 150 பொருளையும் மற்ற 149 பொருளோடு ஒப்பிடுகிறான். 150-ஐ 149-ஆல் பெருக்கினால் 22,350. 37-ஐ 38-ஓடு ஒப்பிட்ட பிறகு 38-ஐ 37-ஓடு ஒப்பிட வேண்டியதில்லை, அதனால் அதில் பாதியே போதும். அந்தப் பாதியும் வேண்டாம். விரலுக்குக் கீழே நகர்வது ஒரே ஒரு மேசைதான். மற்றவை இருந்த இடத்தில் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று புதிதாக இடிக்கப் போவதில்லை. நகர்கிற ஒன்றை மற்ற 149-ஓடு பார்த்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு திருத்தத்திலேயே 22,350 ஒப்பீடு 149 ஆகிறது.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரண்டு பொருளும் திரையில் எங்கே இருக்கின்றன என்று தம்பி பிரவுசரைக் கேட்கிறான். கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட் என்கிற அழைப்பு அது. சும்மா இருக்கிற பக்கத்தில் அதைக் கேட்டால் பிரவுசர் ஏற்கெனவே போட்டுவைத்த கணக்கிலிருந்து உடனே சொல்லிவிடும். ஆனால் நீங்கள் நடுவில் ஒன்றின் இடத்தைச் சொல்கிற லெஃப்ட், டாப் அளவை மாற்றியிருந்தால், அல்லது சிவப்பு நிறம் தருகிற வகுப்பை (கிளாஸ்) சேர்த்திருந்தால், பழைய கணக்கு செல்லாது. பதில் சொல்வதற்கு முன்னால் எந்தப் பொருள் எங்கே என்கிற லேஅவுட் கணக்கைப் பிரவுசர் மறுபடி போட்டாக வேண்டும். தம்பியின் சுழற்சியில் கேட்பதும் மாற்றுவதும் மாறி மாறி வருகின்றன. ஒரு மேசையின் இடம் கேட்கிறான், வகுப்பை மாற்றுகிறான், அடுத்த மேசையின் இடம் கேட்கிறான், அதற்கும் வகுப்பை மாற்றுகிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கணக்கு. பொதுவாகத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. ஸ்கிரிப்ட், லேஅவுட், வரைதல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். லேப்டாப் எப்படியோ மூச்சுப் பிடித்து முடித்துவிடுகிறது. கடை போனால் முடியவில்லை.

இதை உங்கள் தொழிலை வைத்தே தம்பிக்குச் சொல்லுங்கள். பந்தலுக்குக் கால் நட நீங்கள் மைதானத்தில் இறங்கும்போது என்ன செய்கிறீர்கள்? காலையில் ஒரு முறை டேப் பிடித்து நீளம் அகலம் எடுத்து, கிணறு எங்கே, தென்னை எங்கே, கரண்டு கம்பி எங்கே என்று சீட்டில் குறித்துக்கொள்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு காலை அரை அடி நகர்த்துவதற்கெல்லாம் யாரும் மைதானத்தை முதலிலிருந்து அளப்பதில்லை. சீட்டைப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள்கிறீர்கள். இழுக்கும் ஸ்கிரிப்டுக்கும் அதுதான் வழி.

விரல் திரையில் பட்டதும் பாயின்டர்டவுன் வருகிறது. அந்த இடத்தில் மட்டும் 150 பொருளின் இடது, வலது, மேல், கீழ் ஓரங்களையும் கேட்டு ஓர் அணியில் (எண்களின் பட்டியலில்) போட்டுவையுங்கள். அப்போது எதையும் மாற்றாமல் கேட்க மட்டும் செய்வதால் அடுத்தடுத்துக் கேட்பது லேசாகவே இருக்கும். விரல் எங்கே பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விரல் நகரும்போது பிரவுசரை எதுவுமே கேட்க வேண்டாம். விரல் இப்போது இருக்கிற இடத்திலிருந்து முதலில் பட்ட இடத்தைக் கழித்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். அதை மேசையின் பழைய ஓரங்களோடு கூட்டினால் புதிய ஓரங்கள். மற்ற 149-இன் ஓரங்கள் அணியில் அப்படியே இருக்கின்றன. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற வசதி இருந்தால், மேசையைத் தள்ளி வைக்கும்போது விரல் நகர்ந்த தொலைவைப் பெருக்கல் அளவால் வகுத்துக்கொள்ளவும். இரண்டு மடங்கு பெரிதாக்கிய படத்தில் விரல் 100 புள்ளி (பிக்சல்) நகர்ந்தால் மேசை படத்துக்குள் 50 தான் நகர வேண்டும்.

இரண்டு பெட்டி இடிக்கிறதா என்று பார்ப்பது நாலே ஒப்பீடு. என் இடது ஓரம் உன் வலது ஓரத்துக்கு முன்னால் வருகிறதா, என் வலது ஓரம் உன் இடது ஓரத்தைத் தாண்டுகிறதா, மேலும் கீழும் அதேபோல. நாலும் ஆம் என்றால் இடிக்கிறது. ஒன்று இல்லை என்றாலும் இடைவெளி இருக்கிறது, மிச்சத்தைப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடலாம். பெரும்பாலான மேசைகள் முதல் ஒப்பீட்டிலேயே விலகிவிடும்.

மேசையை நகர்த்த லெஃப்ட், டாப் இரண்டையும் தொடாதீர்கள். அவை லேஅவுட்டைக் கலைக்கும். டிரான்ஸ்ஃபார்ம் என்பதன்கீழ் வருகிற டிரான்ஸ்லேட்டைப் பயன்படுத்துங்கள். அது லேஅவுட்டைக் கலைக்காமல், வரைந்த படத்தை மட்டும் தள்ளி வைக்கும். விரலை எடுத்த பிறகு ஒரே ஒரு முறை உண்மையான இடத்தை லெஃப்ட், டாப்பில் எழுதிவிட்டு டிரான்ஸ்ஃபார்மை நீக்கிவிடலாம்.

சிவப்பாக்குவதிலும் ஒரு சிக்கனம் இருக்கிறது. போன அசைவில் இடித்துக்கொண்டிருந்தவை எவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அசைவில் வந்த பட்டியலோடு ஒப்பிட்டு, புதிதாகச் சேர்ந்ததற்கு மட்டும் சிவப்பு, விலகியதற்கு மட்டும் வெள்ளை. இப்போது தம்பி 150 மேசைக்கும் ஒவ்வொரு தடவையும் வகுப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறான். பெரும்பாலான அசைவுகளில் மாற வேண்டியது பூஜ்யம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கண்காட்சிக்கு ஸ்டால் வரைபடம் நான் எழுதிக்கொடுத்தேன். ஓரங்களை ஒரு முறை எடுத்து வைக்கிற இதே முறைதான். ஆனால் இழுக்கும்போது பக்கம் கீழே நகரும் என்பதை மறந்துவிட்டேன். பிரவுசர் தருகிற ஓர அளவு திரையின் ஜன்னலை வைத்துத்தானே. பக்கம் 200 புள்ளி நகர்ந்தால் அணியில் இருக்கிற அத்தனை எண்ணும் 200 புள்ளி பொய். இடிக்காது என்று ஸ்கிரிப்ட் சொன்ன இடத்தில் இரண்டு ஸ்டால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அப்படியே அச்சாகியும் விட்டது. காலையில் துணிக்கடைக்காரர் ஒருவரும் தேன் விற்க வந்த அக்கா ஒருவரும் ஒரே இடத்துக்கான சீட்டோடு நின்றார்கள். அந்த அக்கா தலைச்சுமையை இறக்கவும் இடமில்லாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆகவே ஓரங்களைக் குறிக்கும்போது பக்கம் நகர்ந்திருக்கிற தொலைவையும் கூட்டிக் குறியுங்கள், விரலின் இடத்தையும் அதே கணக்கில் எடுங்கள். இழுக்கிற நடுவில் போனைத் திருப்பினாலோ ஜன்னல் அளவு மாறினாலோ அணியை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

இனி உங்கள் கடைக்கே உரியது. உங்கள் மேசை வட்டம். தம்பி வட்டத்தைச் சுற்றிய சதுரத்தை வைத்து இடிக்கிறதா என்று பார்க்கிறான். 5 அடி விட்டமுள்ள இரண்டு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் 4 அடி வலதும் 4 அடி கீழும் தள்ளி இருக்கிறது. சதுரக் கணக்குப்படி இரண்டும் இடிக்கிறது, சிவப்பு. உண்மையில் மையத்துக்கு மையம் ஐந்தரை அடிக்கு மேல் இருக்கிறது, நடுவில் அரை அடிக்கு மேல் சந்து கிடக்கிறது. வட்டத்துக்குக் கணக்கு வேறு. இரண்டு மையத்துக்கும் இடையில் குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று எடுத்து, இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். இங்கே 16-உம் 16-உம் 32. இரண்டு ஆரத்தையும் கூட்டி வர்க்கமாக்கினால் 25. 32 பெரிது, எனவே இடிக்கவில்லை. வர்க்கமூலம் எடுக்கத் தேவையே இல்லை, வர்க்கத்தை வர்க்கத்தோடு ஒப்பிட்டால் போதும். தூணும் மேடையும் செவ்வகம் என்பதால், செவ்வகத்துக்குள் மேசை மையத்துக்கு மிக அருகில் இருக்கிற புள்ளி எது என்று பார்த்து, அந்தப் புள்ளிக்கும் மையத்துக்கும் உள்ள தொலைவு ஆரத்தைவிடக் குறைவா என்று பாருங்கள்.

நாற்காலியை இழுத்து உட்காரவும், பந்தியில் சாம்பார் வாளியோடு ஆள் நுழையவும் சந்து வேண்டுமே. அதற்குத் தனிக் கணக்கு வேண்டாம். இரண்டு ஆரத்தைக் கூட்டும்போது அந்தச் சந்தின் அகலத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுங்கள். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், தம்பிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இவ்வளவும் செய்தால் உங்கள் 150 பொருளுக்குப் போதும். ஆனால் ஒரு வரிசை முழுக்க, 30 மேசையை ஒன்றாகப் பிடித்து இழுக்கிற வசதி வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அப்போது 30-ஐ மற்ற 120-ஓடு பார்த்தால் ஓர் அசைவுக்கு 3,600 ஒப்பீடு. இதையும் கடை போன் தாங்கும் என்றே நினைக்கிறேன். தாங்காவிட்டால் மண்டபத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் பக்கம் உங்கள் மிகப் பெரிய மேசையின் விட்டம், அதோடு சந்து. விரல் பட்டதும் அசையாத மேசை ஒவ்வொன்றின் மையமும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எழுதிவைத்து, நகர்கிற மேசையை அதன் கட்டத்திலும் சுற்றியுள்ள 8 கட்டத்திலும் இருப்பவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேடை பெரியது, அதனால் அது படுகிற எல்லாக் கட்டத்திலும் அதன் பெயர் இருக்க வேண்டும். நாலாய்ப் பிரிந்துகொண்டே போகிற மரம் ஒன்றும் உண்டு, குவாட்ட்ரீ என்பார்கள், 1974-இல் ஃபிங்கல், பென்ட்லி என்ற இருவர் எழுதிய முறை. பொருள்கள் ஓரிடத்தில் குவிந்தும் ஓரிடத்தில் வெறிச்சென்றும் கிடந்தால் அது நல்லது. மேசைகள் சீராகப் பரவிக்கிடக்கிற மண்டபத்துக்குக் கட்டமே போதும், எழுதுவதும் எளிது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ லேப்டாப்பில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதே மக்களே. குரோமில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பலகத்தைத் திற. செயலியை 4 மடங்கு மெதுவாக்கிக் காட்டுகிற வசதி அதில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பதிவை ஓடவிட்டு ஒரு மேசையை இழு. பதிவில் மஞ்சள் ஸ்கிரிப்டின் நேரம், ஊதா லேஅவுட்டின் நேரம். மஞ்சளுக்குள் ஊதாத் துண்டுகள் சீப்புப் பல்போல வரிசையாக நின்றால், கேட்பதும் மாற்றுவதும் இன்னும் மாறி மாறி நடக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: இழுக்கும்போது வருகிற ஈவன்டுகள் மிக அதிகம். 200 மில்லிநொடிக்கு ஒரு முறை மட்டும் சோதித்தால் போதாதா? டிபவுன்ஸ் போடலாமா?
(வாசகர், வடசேரி)

பதில்: டிபவுன்ஸ் வேண்டவே வேண்டாம். ஈவன்ட் வருவது நின்று கொஞ்ச நேரம் அமைதியான பிறகே அது வேலை செய்யும். தேடல் பெட்டியில் எழுத்து அடிப்பதற்கு அது சரி. இழுக்கும்போது போட்டால், விரல் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் ஒரு சோதனையும் நடக்காது, நின்ற பிறகுதான் இடித்ததே தெரியும்.

200 மில்லிநொடி என்றால் நொடிக்கு 5 சோதனை. கண்ணுக்கு அது தட்டுப்படும். திரை புதுப்பிக்கிற தாளத்துக்கே வேலையைக் கட்டுங்கள். ஈவன்ட் வரும்போது விரலின் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, ரிக்வஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் மூலம் அடுத்த வரைதலுக்கு ஒரு சீட்டுப் போடுங்கள். சீட்டு ஏற்கெனவே போட்டிருந்தால் மறுபடி போட வேண்டாம். வரைதல் நேரம் வந்ததும் கடைசியாகக் குறித்த இடத்தை வைத்துக் கணக்கும் நகர்த்தலும் ஒரு தடவை நடக்கட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குரோம் 2017 முதல் பாயின்டர்மூவ் ஈவன்டுகளைச் சேர்த்துவைத்து, வரைதல் ஒன்றுக்கு ஒரு முறைதான் கொடுக்கிறது. எனவே அதில் ஈவன்ட் அதிகம் என்பது நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒவ்வொரு ஈவன்டுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மேலே பந்தல் கடைக்காரருக்குச் சொன்னதைச் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால், தள்ளாடுவது நொடிக்கு 5 தடவையாகும், அவ்வளவுதான்.

கேள்வி: கட்டைகளை அடுக்கி நிரல் எழுதுகிற ஸ்க்ராட்சில் ஒரு விளையாட்டு செய்கிறேன் டீச்சர். மவுஸால் வள்ளத்தை இழுத்துப் பாறைகளில் படாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மெதுவாக இழுத்தால் பாறையில் பட்டதும் ஆட்டம் முடிகிறது. வேகமாக இழுத்தால் வள்ளம் பாறைக்குள்ளே புகுந்து அந்தப்பக்கம் போய்விடுகிறது. ஒன்றும் ஆகவில்லை!
(எட்டாம் வகுப்பு மாணவி, குளச்சல்)

பதில்: நல்ல கேள்வி மக்களே. பெரியவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

வள்ளம் பாறைக்குள் புகவில்லை, தாண்டிக் குதிக்கிறது. ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 தடவைதான் பார்க்கிறது. மேடையின் அகலம் 480. நீ மவுஸை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தால், அதற்குள் 10 தடவைதான் பார்க்க முடியும். அப்படியென்றால் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவில் வள்ளம் 48 படி போய்விடுகிறது. உன் வள்ளமும் பாறையும் 20, 20 அகலம் என்றால் சேர்த்து 40. 48 அதைவிடப் பெரிது. முதல் பார்வையில் வள்ளம் பாறைக்கு இந்தப்பக்கம், அடுத்த பார்வையில் அந்தப்பக்கம். பாறைமேல் இருந்த நேரத்தை ஸ்க்ராட்ச் பார்க்கவே இல்லை.

அதனால் மவுஸ் வள்ளத்தைப் பிடித்து இழுக்க விடாதே. வள்ளம் மவுஸ் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி, ஒரு நேரத்தில் 5 படி மட்டும் நகரட்டும். நகர்ந்ததும் பாறையைத் தொடுகிறதா என்று கேள். இல்லையென்றால் இன்னொரு 5 படி. இப்படி மவுஸ் கிட்டே வரும்வரை, ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் 8 தடவை. இதை நீயே உருவாக்குகிற ஒரு புதுக் கட்டைக்குள் வைத்து, திரையைப் புதுப்பிக்காமல் ஓடு என்ற பெட்டியில் டிக் போட்டால் எட்டுச் சோதனையும் ஒரே பார்வைக்குள் முடிந்துவிடும். வள்ளம் வேகமாகவும் போகும், பாறையையும் தப்பவிடாது. கடலில் ஓட்டுகிற வள்ளமும் சுக்கானைத் திருப்பிய உடனே அங்கே போய் நிற்பதில்லையே, உன் ஆட்டத்தில் வள்ளம் கொஞ்சம் பின்னால் வருவது அதற்கு அழகாகத்தான் இருக்கும்.

வலைப்பக்கத்தில் இதே விளையாட்டைச் செய்கிறவர்கள் கெட் கோலஸ்டு ஈவன்ட்ஸ் என்பதைப் பயன்படுத்தலாம். பிரவுசர் சேர்த்துவைத்த நடுப்புள்ளிகளை அது தரும். இருந்தாலும் இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு போட்டுச் சிறு சிறு படியாகப் பார்ப்பதை விட வேண்டாம், புள்ளிகள் எப்போதும் போதுமான நெருக்கத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: நம் மாவட்ட வரைபடத்தில் தாலுகாக்களை இழுத்து உரிய இடத்தில் பொருத்துகிற பயிற்சி ஒன்றை ஜேகுவெரி யூஐ என்ற நிரல் நூலகம் கொண்டு செய்தேன். கல்குளத்தை இழுக்கும்போது ஒரே நேரத்தில் மூன்று தாலுகா ஒளிர்கிறது, விட்டால் தவறான இடத்தில் உட்காருகிறது. பிள்ளைகள் குழம்புகிறார்கள். வேகமும் குறைவு.
(ஆசிரியை, தக்கலை)

பதில்: உங்கள் முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது டீச்சர். எங்கள் அம்மா படிக்கும்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலே தாலுகா. இப்போது திருவட்டாறும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறு. முடிந்தால் பழைய நாலையும் இரண்டாவது படமாகச் சேருங்கள். வீட்டில் பாட்டியிடம் போய்ப் பிள்ளைகள் கேட்க ஒரு சாக்கு கிடைக்கும்.

கோளாறு எங்கே என்றால், தாலுகா எதுவும் செவ்வகம் இல்லை. நூலகம் பார்ப்பதோ அதைச் சுற்றிய செவ்வகத்தை. வளைந்தும் நெளிந்தும் கிடக்கிற எல்லைகளுக்குச் செவ்வகம் போட்டால் அவை ஒன்றுக்குள் ஒன்று பெரிய அளவில் ஏறிக்கிடக்கும். நீங்கள் டாலரன்ஸ் என்பதற்கு டச் என்று வைத்திருப்பீர்கள், ஓரம் பட்டாலே அது ஒளிரும். அந்த நூலகத்தில் நாலு அளவுகள் உண்டு. டச் ஓரம் பட்டால் போதும் என்பது. இன்டர்செக்ட் என்பது இரு திசையிலும் பாதிக்குப் பாதி ஏற வேண்டும் என்பது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் நடக்கும். ஃபிட் முழுதும் உள்ளே வர வேண்டும் என்பது. பாயின்டர் என்பது மவுஸ் முனை உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. பாயின்டருக்கு மாற்றினாலே குழப்பம் பெரிதும் குறையும். ரெஃப்ரெஷ் பொசிஷன்ஸ் என்பதை ஆம் என்று வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு மவுஸ் அசைவுக்கும் எல்லா இடங்களையும் மறுபடி அளக்கும். உங்கள் தாலுகாக்கள் நகரப் போவதில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

ஆனாலும் பொருத்துகிற பயிற்சிக்கு இடிப்பதைப் பார்ப்பதே சரியான கேள்வி இல்லை என்பது என் எண்ணம். துண்டின் மையம் அதன் சொந்த வீட்டின் மையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்குள் வந்துவிட்டால் துண்டு தானாகப் போய் உட்காரட்டும். இல்லையென்றால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பட்டும். எந்த எல்லைக்குள் பிள்ளையின் விரல் இருக்கிறது என்று ஒளிரவைக்க வேண்டுமானால், வரைபடம் எஸ்விஜி (கோடுகளாக வரைந்த படம்) என்பதால் இஸ் பாயின்ட் இன் ஃபில் என்ற அழைப்பு நெளிந்த எல்லையை அப்படியே மதித்துப் பதில் சொல்லும். ஆறே தாலுகாதான், செலவு தெரியாது.

எல்லையிலேயே விரல் நின்றால் இரண்டு தாலுகாவும் மாறி மாறி மின்னும். அதற்கு, ஒளிர்வது அணைய வேண்டிய தொலைவை, ஒளிரத் தொடங்குகிற தொலைவைவிடக் கொஞ்சம் அதிகமாக வையுங்கள். 20 புள்ளிக்குள் வந்தால் ஒளிரும், 28 புள்ளிக்கு அப்பால் போனால்தான் அணையும். சிறு பிள்ளைகளின் விரல் நடுங்கும், அந்த 8 புள்ளி அவர்களுக்காக.

கேள்வி: கணினியில் சரியாக இழுபடுகிறது. போனில் இரண்டு விரற்கடை இழுத்ததும் பொருள் பாதியில் நின்றுவிட, பக்கம் நகர ஆரம்பிக்கிறது. பிறகு தொடாமலேயே அந்தப் பொருள் இழுபடும் நிறத்திலேயே இருக்கிறது.
(வாசகர், பூதப்பாண்டி)

பதில்: விரல் அசைவைப் பக்கத்தை நகர்த்துவதற்கென்று பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதும் உங்களுக்குப் பாயின்டர்கேன்சல் என்ற ஈவன்டை அனுப்பிவிட்டு, அதற்குமேல் பாயின்டர்மூவும் பாயின்டர்அப்பும் அனுப்பாது. நீங்கள் பாயின்டர்அப்பை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால், இழுப்பு முடிந்ததே உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியவில்லை.

இழுக்கிற பொருளின் ஸ்டைலில் டச் ஆக்ஷன் என்பதற்கு நன் (எதுவும் வேண்டாம்) என்று எழுதுங்கள். பொருளுக்கு மட்டும் எழுதினால் போதும், முழுப் பக்கத்துக்கும் எழுதினால் பக்கத்தை நகர்த்தவே முடியாமல் போகும். பாயின்டர்டவுனில் செட் பாயின்டர் கேப்சரைக் கூப்பிடுங்கள், விரல் பொருளைவிட்டு வெளியே ஓடினாலும் ஈவன்டுகள் அந்தப் பொருளுக்கே வரும். பாயின்டர்அப்புக்கு எழுதிய அதே முடிப்பு வேலையைப் பாயின்டர்கேன்சலுக்கும் கட்டிவிடுங்கள், ஆனால் பொருளை விட்ட இடத்தில் வைக்காமல் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போது போன் அழைப்பு வந்து பாதியில் அறுந்தாலும் இதே முடிப்பு காப்பாற்றும்.